சோணைமுத்துவின் ஈரலுக்கு ஒரு படையல்

சோணைமுத்துவோட ஈரல் சோணைமுத்துவை விட்டு வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, எங்க ஓடைக்கரைத் தெருவுல குழாய்த் தண்ணி வர்ற நேரத்துல, பொம்பளைங்க முப்பது பேரும் குடத்தை வரிசை போட்டு வச்சிட்டு நீ முந்தி நான் முந்தின்னு வாய்ச்சண்டை போட்டுக்கிட்டிருந்தப்ப, அவன் வீட்டுப் படியில ஒவ்வொரு படியா இறங்கி, மண்ணு ஒட்டாம, ரத்தம் சிந்தாம, நகர்ந்து நகர்ந்து வந்து, அவன் பொண்டாட்டி அங்காளேஸ்வரியோட பச்சைக் குடத்துக்குப் பின்னாடி தன் பாட்டுக்கு உக்காந்துக்கிச்சு. யாரும் அலறல. அலறுறதுக்கு எங்க நேரம் இருக்கு, தண்ணி முக்கால் மணி நேரம்தான் வரும். பின்னாடி நின்ன வீராயி மட்டும், "ஏய், அது யாரு ஊடால புகுர்றது? வீட்டுக்கு ஒரு குடம்தான் கணக்கு"ன்னு சத்தம் போட்டா.

அது என்னன்னு முதல்ல சொன்னவ நான்தான். என் பேரு தனக்கொடி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒயின்ஷாப்பை ஒட்டித் தள்ளுவண்டி போட்டு, பதினாலு வருசமா குடிக்கிறவனுக்குத் தொட்டுக்க ஈரல் வறுவலும் குடல் வறுவலும் வித்துக்கிட்டிருந்தவ. ஆட்டு ஈரலா மாட்டு ஈரலான்னு கண்ணைக் கட்டி விட்டாலும் விரலால அமுக்கிச் சொல்லிருவேன். குனிஞ்சு அமுக்கிப் பார்த்தேன். நல்ல ஈரல்னா கருஞ்சிவப்பா, வழவழன்னு, மெத்துன்னு இருக்கும். இது வீங்கி, மஞ்சப் பூத்து, தொட்ட விரல்ல கொழுப்பு பிசுபிசுன்னு ஒட்டுச்சு. "அடியே அங்காளி, இது மனுச ஈரல்டி"ன்னேன். அவ திரும்பிப் பார்க்கிறதுக்கும், சோணைமுத்து கைலியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையை வலது விலாவுக்குக் கீழ வச்சுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறதுக்கும் சரியா இருந்துச்சு.

"ஏ அங்காளி, வயித்துக்குள்ள ஒரு இடம் காத்தாடுது, என்னன்னு பாரு"ன்னான்.

சோணைமுத்து எங்க பக்கத்து வீட்டுக்காரன், முப்பத்தெட்டு வயசு, சென்ட்ரிங் வேலைக்காரன். பலகை அடிச்சு முட்டுக் கொடுத்து அவன் தட்டு கட்டிட்டான்னா மேல யானையை ஏத்தலாம். எந்தப் பாவி ஆரம்பிச்சானோ, கூரைக்கு கான்கிரீட் போடுற அன்னைக்கு வேலையாளுக்கெல்லாம் பிரியாணிப் பொட்டலமும் ஆளுக்கொரு குவார்ட்டரும் வீட்டுக்காரர் குடுக்கிறது எங்க பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்துல தொட்டவன்தான் இவன். முதல்ல கான்கிரீட் அன்னைக்கு மட்டும், அப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை, அப்புறம் தினமும் சாயங்காலம், கடைசியில காலையில கை நடுக்கம் நிக்கிறதுக்கே ஒரு கட்டிங், அதான் அரைக் குவார்ட்டர், வேணும்னு ஆகிப்போச்சு. என் தள்ளுவண்டியில நின்னுதான் குடிப்பான். "மதினி, ஈரல் நல்லா மிளகு தூக்கலாப் போடுங்க"ம்பான். நானும் போடுவேன், போடாம என்ன செய்ய.

அங்காளி ஈரலைத் தூக்கிட்டுப் போய் எவர்சில்வர் பேசின்ல ஈரத்துணி விரிச்சு ஜன்னல் ஓரமா வச்சா. அது அங்க இருந்தபடியே அவனுக்கு வேலை பார்த்துச்சு. சோணைமுத்து சாப்பிட்டான், நடந்தான், முட்டு அடிச்சான், எல்லாம் எப்பவும் போலதான். ஆனா அன்னைக்குச் சாயங்காலமே ஒண்ணு தெரிஞ்சுபோச்சு. அவன் அங்க என் வண்டிகிட்ட முதல் மடக்கை முழுங்குறான், இங்க பேசின்ல ஈரலுக்கு வேர்க்குது. ரெண்டாவது மடக்குல மூச்சு வாங்குற மாதிரி ஏறி ஏறி இறங்குது. அவ்வளவுதான், அவன் புளுகெல்லாம் அன்னைக்கோட தீர்ந்துச்சு. "சைட்ல லேட்டு அங்காளி, ஒரு சொட்டு தொடல"ன்னு வாசல்ல கால் வைக்கிறப்பவே, "குவார்ட்டர், அதுக்கு மேல ஒரு கட்டிங், சரியா?"ன்னு உள்ளே இருந்து பதில் வரும். பக்கத்துத் தெருப் பொம்பளைங்க வந்து வந்து பார்த்துட்டு, "எங்க வீட்டுதும் இப்படி வெளிய வந்து தொலையக் கூடாதா"ன்னு பெருமூச்சு விட்டுட்டுப் போனாளுங்க. ஆம்பளைங்க அந்தச் சன்னல் பக்கம் தலை திருப்பாமப் போனானுங்க. நான் மறுநாளே வண்டியில ஈரல் வறுவலை நிறுத்திட்டேன். கத்தி வைக்கக் கை வரல.

ஒரு வாரம் பார்த்துட்டு அங்காளி புருசனையும் ஈரலையும் கூட்டிக்கிட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினா. நானும் போனேன். டவுன் பஸ்ல பொம்பளைக்கு இலவசம். கண்டக்டர் பேசினைத் திறந்து பார்த்துட்டு, "பொம்பளை கையில இருக்கு, ஆனா ஆம்பளை ஈரல், இதுக்கு டிக்கெட் உண்டா இல்லையான்னு தெரியலையே"ன்னு அடுத்த ஸ்டாப் வரைக்கும் யோசிச்சார். கடைசியில சோணைமுத்துவைப் பார்த்து, "உன் டிக்கெட்லயே அதுவும் சேர்த்திதான்யா, விடு"ன்னு சொல்லிட்டு விசில் ஊதிட்டார்.

டாக்டர் ஹெலனம்மாவுக்கும் ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, "நல்லதாப் போச்சு, ஸ்கேனுக்கு வரிசையில நிக்க வேண்டாம்"ன்னு பேசினை வெளிச்சத்துக்கு இழுத்தாங்க. விரலால தடவித் தடவிக் காட்டுனாங்க. "இங்க பாருங்க, இது கொழுப்பு. குடிக்கிறதை இதுதான் கழுவி வெளிய அனுப்பணும், கழுவ மாட்டாம கொழுப்பை மேல பூசிக்கிச்சு. இது வீக்கம். இதோ இந்த ஓரத்துல முண்டும் முடிச்சுமா பாகற்காய் மாதிரி இருக்கே, இது தழும்பு. கொழுப்பு போயிரும், வீக்கம் போயிரும், குடியை நிறுத்துனா. தழும்பு போகாது. இது பூராவும் தழும்பாயிட்டா வயித்துல தண்ணி கட்டும், கண்ணு மஞ்சளாகும், ரத்த வாந்தி வரும், நெனவு தப்பும்."

"கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கலாமா டாக்டரம்மா?"ன்னு நான் கேட்டேன்.

"எந்த இலையும் குடியோட சண்டை போட்டு ஜெயிக்காதும்மா. மருந்துன்னா முதல் மருந்து நிறுத்துறதுதான்." அவனைப் பார்த்தாங்க. "ஆனா வீட்டுல நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க. தினமும் குடிக்கிற உடம்பு, நிறுத்துனா கை கால் உதறும், வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். இங்க வந்து பத்து நாள் படுங்க. மாத்திரை குடுத்து, சத்து ஊசி போட்டு, மெதுவா இறக்கி விடுறேன்."

"தினம் ஒரு குவார்ட்டர்தாங்க டாக்டரம்மா, உடம்பு வலிக்கு"ன்னான் இவன்.

"உங்களுக்கு அது கால் மணி நேரம். இதுக்கு ராத்திரி பூரா வேலை."

அவன் படுக்கல. வெளியே வந்து, "என் ஈரல், என் இஷ்டம்"ன்னு சொல்லிட்டு நேரா என் வண்டிக்கு எனக்கு முன்னாடி போய் நின்னான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. "ஏன்டா, உன் ஈரலை நான் மடியில வச்சு பஸ்ல கொண்டுவர்றேன், நீ இங்க நின்னு ஊத்திக்கிறியா, வெக்கம் மானம் ஏதாச்சும் இருக்கா உனக்கு"ன்னு கரண்டியை எடுத்தேன். சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே குடிச்சான்.

அவனை நிறுத்த வச்சது டாக்டரம்மாவும் இல்ல, அங்காளியோட அழுகையும் இல்ல. மூணு மாசம் கழிச்சு ஒரு பெரிய வீட்டுக் கூரை. காலையில இருந்தே குடி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, அவன் மக தர்ஷினி, ஏழாம் வகுப்பு, யூனிபாரத்தைக்கூட மாத்தாம ஈரலை மடியில வச்சுக்கிட்டுத் தரையில உக்காந்திருக்கா. அது சுருங்கி, உதறி, ஓரமெல்லாம் பச்சை பாஞ்சு, எண்ணெயா வடியுது. பழைய சேலைத் துணியைக் கிழிச்சு நனைச்சு நனைச்சு ஒத்தி எடுக்கிறா, வாயைக் குவிச்சு ஊதுறா, கைப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி "சரியாயிரும், சரியாயிரும்"னு சொல்லிக்கிட்டே இருக்கா. அப்பனைப் பார்த்ததும், "அப்பா, இது செத்துருமாப்பா?"ன்னு கேட்டா. அது செத்தா நீ செத்துருவியான்னு அவ கேக்கல. அவளுக்கு அது ஒண்ணுதான் தெரிஞ்சுச்சு, தன் மடியில ஒண்ணு சாகப் பார்க்குதுன்னு.

சோணைமுத்து வாசல்ல இருந்தே திரும்பி, எங்கிட்ட வந்து, "மதினி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிங்க"ன்னான்.

பத்து நாள் அவன் பட்ட பாட்டை நான் பார்த்தேன். கட்டிலோட சேர்ந்து உதறுனான், சுவர்ல எறும்பு ஊருதுன்னு கத்துனான், மூணாம் நாள் அங்காளியையே யாருன்னு கேட்டான். ஹெலனம்மா ஊசியும் மாத்திரையுமா, திட்டலும் தட்டிக்குடுத்தலுமா இறக்கிவிட்டாங்க. அதோட நிறுத்துனவன்தான். கான்கிரீட் அன்னைக்கு குவார்ட்டர் குடுத்தா, "எனக்கு ரெண்டு பிரியாணியாக் குடுங்க"ன்னு வாங்கிட்டு வந்து மகளுக்குக் குடுத்தான். சாயங்காலம் என் வண்டிக்கு வர்றதில்ல, சுத்தி அடுத்த தெரு வழியாப் போவான். என்னை வழியில பார்த்தா, "மதினி, கோச்சுக்காதீங்க, அந்த வாடை"ம்பான். "நீ வராம இருக்கிறதுதான்டா எனக்கு வியாபாரம்"னு சொல்லுவேன்.

மாசத்துக்கு மாசம் ஈரல் தேறுச்சு. முதல்ல பிசுபிசுப்பு போச்சு, அப்புறம் வீக்கம் வத்துச்சு, மஞ்சள் உரிஞ்சு கருஞ்சிவப்பு தெரிஞ்சுச்சு. ஓரத்துப் பாகற்காய் மட்டும் அப்படியே நின்னுச்சு. எட்டாவது மாசம் இன்னொண்ணு ஆரம்பிச்சுச்சு: விடியற்காலையில அது பேசினை விட்டு இறங்கி, அவன் மேல ஏறி, விலாவுக்குக் கீழ கொஞ்சம் அமுங்கிப் பார்த்துட்டு, திரும்பி வந்து உக்காந்துக்கிரும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட. தர்ஷினி பல்லு விளக்கிக்கிட்டே வாசல்ல வந்து, "பெரியம்மா, இன்னைக்குப் பாதி உள்ள போயிருச்சு", "இன்னைக்கு முக்காவாசி"ன்னு தெருவுக்கே அறிவிப்பா. பதினோராவது மாசம் ஹெலனம்மா பார்த்துட்டு, "இன்னும் ஒரு மாசம் விட்டா உள்ளயே தங்கிரும். தழும்பு இருந்துட்டுப் போகட்டும், ஈரல் பாதி போனாலும் திரும்ப வளர்ற ஜாதி, மிச்ச இடம் அதோட வேலையையும் சேர்த்துப் பார்க்கும். ஆனா இப்ப இது ஆறி வர்ற புண்ணு. ஒரே ஒரு தடவை பழையபடி பட்டுச்சுன்னா தாங்காது, சொல்லிட்டேன்"னாங்க. அங்காளி அதைக் கேட்டுட்டு ஆஸ்பத்திரி வாசல்லயே மூணு தடவை தலைக்கு மேல கை எடுத்துக் கும்பிட்டா. நானும் பக்கத்துல நின்னுதான் கேட்டேன். கேக்கலன்னு சொல்ல முடியாது.

இப்ப தெரு பண்ணுன கூத்தைச் சொல்றேன்.

பதினஞ்சு வருசக் குடிகாரன் குடியை விட்டுட்டான்னா எங்க தெருவுல அது சாதாரணமா? முதல்ல வீராயி தன் மகனை இழுத்துட்டு வந்து, "இதைத் தொட்டுச் சத்தியம் பண்ணுடா"ன்னு ஈரல் மேல கையை வச்சு அமுக்குனா. அவன் ஒரு வாரம் தொடாம இருந்தான். அப்புறம் ஒவ்வொருத்தியா. தொட்டவனுக்கெல்லாம் தன் வயித்துக்குள்ள இருக்கிறது கண்ணுக்குத் தெரிஞ்ச மாதிரி ஆகிப்போச்சோ என்னமோ, ஒவ்வொருத்தனும் முகம் வெளுத்து வெளிய வருவான். யாரோ மஞ்சள் தடவுனா, யாரோ எலுமிச்சம்பழம் வச்சா, யாரோ சூடம் காட்டுனா. ஆனி முடியறதுக்குள்ள கோடாங்கி சின்னக்கருப்பு உடுக்கையை அடிச்சு, "வந்திருக்கிறது ஈரல் இல்ல, நம்ம முனியாண்டி! குடி கெடுத்த குடும்பத்தைக் காக்க ஈரல் ரூபத்துல இறங்கியிருக்கான்"னு குறி சொல்லிட்டான். அங்காளி நடுத்தெருவுல நின்னு, "அது சாமி இல்லய்யா, எம் புருசன் ஈரல்! ஆள விடுங்க"ன்னு கத்துனா. கத்திக் கத்திப் பார்த்துட்டு கதவைப் பூட்டி வைக்க ஆரம்பிச்சா. தெரு என்ன செஞ்சுச்சு தெரியுமா, பூட்டுன கதவுக்கு மாலை போட்டுச்சு.

ஆடி மாசம் முனியாண்டிக்குப் படையல். தெருக் கோடியில அரிவாளோட நிக்கிற சாமி. அவருக்குக் கிடா வெட்டி, சுருட்டு வச்சு, பாட்டிலை உடைச்சு வச்சாத்தான் படையல். பாட்டில் இல்லாம வச்சா சாமி ஏறெடுத்துப் பார்க்காதுன்னு எங்க பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம். அந்த வாடையே வேண்டாம்னுதான் சோணைமுத்து அன்னைக்கு நாலு மைல் தள்ளி ஒரு கான்கிரீட்டுக்கு ஒத்துக்கிட்டான். அங்காளியும் சித்தாளா கூடப் போனா. தர்ஷினியை அவ சித்தி வீட்டுல விட்டாச்சு. காலையில சாவியை எங்கிட்ட குடுத்து, "அக்கா, பதினோரு மணிக்கு ஈரத்துணியை மட்டும் மாத்தி விட்ருங்க. வேற யாரையும் உள்ள விடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனா.

பத்து மணிக்கெல்லாம் சின்னக்கருப்பு தலைமையில தெருவே என் வாசல்ல நின்னுச்சு. முன்னாடி பதினேழு ஆம்பளைங்க, குளிச்சு, மஞ்சள் துண்டு கட்டி, ஆளுக்கொரு பாட்டிலோட. பதினேழு பேரும் குடியை விடப்போறவனுங்க. அதுல ஒருத்தர் என் வீட்டுக்காரர் செல்லையா. இருபத்தஞ்சு வருசமா நான் பட்ட அடிக்கும் உதைக்கும் ஒரு முடிவா, சட்டை பட்டனை ஒழுங்காப் போட்டுக்கிட்டு, கண்ணு கலங்கி, "தனம், இதுதான் நான் வாங்குன கடைசி பாட்டிலு. இதைக் குடிக்காம சாமிக்கு ஊத்தி முடிச்சுக்கிறேன். கதவைத் திறந்து விடு தாயி"ன்னார். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த மனுசன் என்னைத் தாயின்னு கூப்பிட்டதில்ல. நான் திறந்தேன். ஹெலனம்மா சொன்னது காதுல இருந்துச்சு. ஆனா சாமிக்குத்தானே ஊத்துறோம், சாமிக்கு வலிக்குமா என்ன, அப்படின்னுதான் நினைச்சேன். அப்படி நினைச்ச என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

ஈரலை வாழையிலையில வச்சு, மல்லிகை மாலை போட்டு, பம்பை உருமி முழங்க முனியாண்டி காலடியில கொண்டுபோய் இறக்குனாங்க. முதல்ல வீராயி மகன் ஊத்துனான். "இதோட சரி சாமி"ன்னு பாட்டிலைக் கவுத்தான். ஈரல் அதைக் குடிச்சுச்சு. ஒரு சொட்டு இலையில வழியல. பொம்பளைங்க குலவை போட்டோம். அடுத்தவன் ஊத்துனான், "இதோட சரி." குலவை. அடுத்தவன். பிராந்தி, ரம்மு, பேரு தெரியாத மஞ்சத் தண்ணி, ஒவ்வொருத்தனும் அழுதுக்கிட்டே, பாவத்தையெல்லாம் கழுவிவிட்ட மாதிரி நெஞ்சு லேசாகி, ஒருத்தனை ஒருத்தன் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, ஊத்துனாங்க, ஊத்துனாங்க, ஊத்திக்கிட்டே இருந்தாங்க. செல்லையா முக்கால் பாட்டிலை ஊத்திட்டு மிச்சத்தை என் கையில குடுத்தார். அதை நான் ஊத்துனேன். ஈரலுக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியாது. வந்ததைக் கழுவணும், அது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும். உக்காந்து ஏறி ஏறி இறங்கிக் கழுவிக்கிட்டே இருந்துச்சு. நாங்க அதைப் பார்த்து, "சாமி ஆடுது, சாமி ஆடுது"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டோம்.

அங்க சைட்ல நடந்ததை அவங்களோட வேலை பார்த்த கொத்தனார் அப்புறமாத்தான் சொன்னார். மேல தட்டுல கான்கிரீட் விழுந்துக்கிட்டிருக்கு, சோணைமுத்து கீழ முட்டு நகருதான்னு பார்த்துக்கிட்டு நிக்கிறான். திடீர்னு கால் பின்னுது. முட்டுக் கம்பைப் பிடிச்சுக்கிறான். அங்காளி தண்ணி குடிக்கக் கீழ இறங்குனவ, கிட்ட வந்ததும் அப்படியே நின்னுட்டா.

"குடிச்சியா?"

"இல்ல அங்காளி."

"ஊது."

ஊதுனான். பதினேழு பாட்டில் வாடையும் ஒண்ணா வந்து முகத்துல அடிச்சிருக்கு. கான்கிரீட் சட்டியைப் போட்டுட்டு, எல்லார் முன்னாடியும், பளார்னு அவன் கன்னத்துல அறைஞ்சா. "பதினோரு மாசம்யா! பதினோரு மாசம்!"னு கத்துனா. அவன் கன்னத்தைக்கூடப் பிடிக்கல. "சத்தியமா நான் குடிக்கல அங்காளி. எனக்கே என்னன்னு தெரியல. தர்ஷினி மேல சத்தியம்"ன்னு குழறுனான். "பிள்ளை மேல பொய்ச் சத்தியம் பண்றியே, நீயெல்லாம் மனுசனா"ன்னு சட்டியை எடுத்துக்கிட்டு அவ மேல ஏறிட்டா. அரை மணி நேரம் திரும்பிப் பார்க்கல. மேல நின்னு சட்டி மாத்திக்கிட்டிருந்தவளுக்கு, கீழ யாரோ "ரத்தம், ரத்தம்"னு கத்துறது கேட்டுச்சு.

எங்களுக்குச் சேதி வந்தப்ப பந்தி பாதி நடந்துக்கிட்டிருந்துச்சு. ஹெலனம்மா போன்ல கேட்ட முதல் கேள்வி, "ஈரல் எங்க?" வாழையிலையோட, மாலையோட, அப்படியே ஆட்டோவுல வச்சு நானும் செல்லையாவும் கொண்டுபோனோம். என் மடியில அது சுருங்கிக்கிட்டே வந்துச்சு. ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ள அதுல மெத்துன்னு ஒரு இடம்கூட இல்ல, பூரா பாகற்காய், பூரா கல்லு. ஹெலனம்மா மாலையை விலக்கினாங்க, மோந்தாங்க, என் முகத்தைப் பார்த்தாங்க. ஈரல் வெளிய வந்ததுக்கு ஆச்சரியப்படாத மனுசி, அன்னைக்குச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. "யாரும்மா ஊத்துனது? ஏம்மா? ஏன்?"னு கேட்டாங்க. செல்லையாதான் படையலை ஒண்ணு விடாம அழுதுக்கிட்டே சொன்னார், அங்காளியும் பக்கத்துல நின்னு கேட்டா.

அங்காளி அவங்க காலைப் பிடிச்சா. "என் ஈரல்ல பாதியை எடுத்து வைங்க டாக்டரம்மா, வளரும்னு நீங்கதானே சொன்னீங்க!"

"வளரும்மா, உனக்கும் வளரும், அவருக்கும் வளரும். ஆனா அதுக்கு ரத்தம் பொருந்துதான்னு பார்க்கணும், நாள் வேணும். இவருக்கு மணிக்கணக்குதான் இருக்கு."

சாயங்காலம் நாலு மணிக்கு அவன் போயிட்டான். போன அந்த நிமிசம் ஈரல் இலையை விட்டு இறங்கி, கட்டில்ல ஏறி, எப்பவும் போற இடத்துக்குப் போய், பூராவுமா உள்ளே இறங்கிருச்சு. தோல்ல ஒரு வரிகூட இல்ல. ரத்தத்துல சாராயம் இருந்துச்சுன்னு காகிதம் சொல்லுச்சு. ஹெலனம்மா அந்தக் காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் கையெழுத்துப் போடாம உக்காந்திருந்தாங்க. அப்புறம் போட்டாங்க.

அந்தப் பதினேழு பேரும் அன்னைக்கு விட்டவங்கதான், இன்னைக்கு வரைக்கும் தொடல. அதையும் நான் சொல்லித்தான் ஆகணும். என் வீட்டுக்காரர் இப்ப விடிஞ்சதும் தேங்காய்ச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போறார், என்னைக் கை நீட்டுறதில்ல. நான் வண்டியை வித்துட்டேன். அவர் எதிர்ல உக்காந்து சாப்பிடுறப்ப சில நாள் எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.

மறுநாள் காலையில தண்ணி வந்துச்சு, யாரும் குடம் வைக்கல. வாசல்ல கண்ணாடிப் பெட்டியில சோணைமுத்து. தலைமாட்டுல அங்காளி, கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல. தர்ஷினி அவ மடியில முகத்தை வச்சுக் கிடந்தா. பதினேழு பேரும் மாலையோட வரிசையா வந்தாங்க. முதல்ல வந்த வீராயி மகன் மாலையைப் போடக் குனிஞ்சப்ப, அங்காளி அவன் கையைப் பிடிச்சு நிறுத்துனா.

"எம் புருசன் குடிச்சாரா?"

"இல்லக்கா"ன்னான்.

"சத்தமாச் சொல்லு. பிள்ளைக்குக் கேக்கணும்."

"இல்லக்கா. அவர் குடிக்கல."

கையை விட்டா. அடுத்தவன் வந்தான். "எம் புருசன் குடிச்சாரா?" "இல்ல தாயி, குடிக்கல." அடுத்தவன். அடுத்தவன். சின்னக்கருப்பு துண்டால வாயைப் பொத்திக்கிட்டுச் சொன்னான். செல்லையா மண்ணுல விழுந்து சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவ காத்திருந்து, முழுசாக் கேட்டுட்டுத்தான் அடுத்தவனை விட்டா. தெருவுல வேற சத்தமே இல்ல, குழாய்த் தண்ணி கீழ ஊத்திக்கிட்டிருந்ததைத் தவிர.

கடைசியா நான் போனேன். சாவியை அவகிட்ட நீட்டுனேன். அவ சாவியைப் பார்க்கல.

"நீங்க சொல்லுங்கக்கா."

"குடிக்கலடி. உன் புருசன் ஒரு சொட்டு குடிக்கலடி. நாங்கதான்டி..."

அவ தலையை ஆட்டுனா. எந்திரிச்சு பெட்டி மூடியைத் திறக்கச் சொன்னா. குனிஞ்சு அவனோட வலது கையை எடுத்தா, சிமெண்டுக் கறை இன்னும் நகத்துல இருந்துச்சு. அந்தக் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஓங்கி, தன் கன்னத்துல பளார்னு ஒரு அறை அறைஞ்சுக்கிட்டா. அதுக்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்துச்சு.